பயந்த கோழியின் முட்டை

மெஷினில் பொரித்த குஞ்சுக்குத் தாய் கிடையாது. அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும். பல்பு வெளிச்சத்தில் சூடு காய்ந்து வளரும். மேலே கூரை, சுற்றிலும் கம்பி வலை, கீழே நிலக்கடலையின் மேலோடான தொல்லி பரப்பிய தரை. அதற்கு வெளியே அது எதையும் கண்டதில்லை.

அப்படி வளர்ந்த வெள்ளைக் கோழிகள், ஆயிரத்துக்கும் மேலே இருக்கும், ஒருநாள் முற்பகலில் ஒன்றாகக் கழுத்தைத் தூக்கி அசையாமல் நின்றதைப் பார்த்தேன். அதற்கு முந்தைய நொடிவரை கொட்டகைக்குள் சந்தைபோல் இரைச்சல். எங்கோ ஒரு கோழி மட்டும் மெல்லிசாக, நீளமாக ஒரு சத்தம் கொடுத்தது. அவ்வளவுதான். கிளறிக்கொண்டிருந்த கால்கள் தூக்கிய இடத்திலேயே நின்றன. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கோழியின் அலகிலிருந்து சொட்டு விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம், வெயிலில், ஒரு நிழல் தரையைத் தடவிக்கொண்டு போனது. அண்ணாந்து பார்த்தேன். பருந்து.

நிழல் போனதும் ஒரு கோழி இறகை உதறியது. மறுபடியும் சந்தை கூடிவிட்டது.

நான் தீவன வாளியோடு அப்படியே நின்றேன். இதுகளுக்குப் பருந்தைப் பற்றிச் சொன்னது யார்? தாயைக் காணாத பிறவிகள். முட்டைக்குள் இருக்கும்போதே யாரோ காதில் ஓதிவிட்டுப் போனதுபோல் இருந்தது. என் கையைப் பார்த்தேன், மயிர் சிலிர்த்து நின்றது. பருந்தைக் கண்டதால் அல்ல. நான் அதைக் காண்பதற்கு முன்பே, அந்தக் கோழியின் சத்தத்துக்கே சிலிர்த்திருந்தது. பயத்துக்கென்று ஒரு பாஷை இருக்கிறது, அது கோழிக்கும் எனக்கும் பொது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் பிறவியிலேயே பயந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டில் கஷ்டம்தான், ஆனால் அது மட்டும் காரணமல்ல. ஆறாம் வகுப்புக்கு வெளியூர்ப் பள்ளிக்குப் போக வேண்டும், அங்கே எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க வேண்டும் என்பதற்காகவே போகமாட்டேன் என்றுவிட்டேன். வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளிகள், வந்தால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விடுவேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, சாணி அள்ளியது போதும் வா என்று அம்மா கூப்பிட வேண்டும். இன்றைக்கும் நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு நாக்கு எழாது. எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

எழுபதுகளில் எங்கள் நாமக்கல் பக்கம் மழை பொய்த்தால் ஆண்களுக்கு லாரிதான். என் அக்காவைக் கட்டிய மச்சான் லாரி டிரைவர். வாட்டசாட்டமான ஆள், அவர் சிரித்தால் ஓட்டலில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்தான் என்னைக் கிளீனராகக் கூட்டிக்கொண்டு போனார்.

மேட்டில் வண்டியை நிறுத்தினால் பின்சக்கரம் உருளாமல் அடியில் ஒரு முட்டுக்கட்டை கொடுப்பார்கள். எல்லா வண்டியிலும் அது சாமான் பெட்டிக்குள் கிடக்கும். நான் மலைப்பாதை வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். கை அதன்மேல் இருந்தால்தான் எனக்கு மூச்சு சீராக வரும்.

“ஏம் மாப்ள, இதுக்கு எப்பத் தாலி கட்டுன?” என்பார் மச்சான். “எனக்குச் சொல்லவே இல்ல.”

டீக்கடைகளில் மற்ற டிரைவர்களிடமும் சொல்லிச் சிரிப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் கட்டையை விடமாட்டேன்.

ஒரு மாசி மாத மத்தியானம். வடக்கே இருந்து வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தோம். மச்சான் பிரேக்கை மிதித்தார். மிதி தரை வரைக்கும் போய் அங்கேயே தங்கிவிட்டது. அவர் காலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எந்நேரமும் சத்தம் போட்டுப் பேசுகிற மனிதர், தொட்டிலில் கிடக்கிற குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார். “மாப்ள. கியரைக் கொறைக்கறேன். மலையோரத்து மண்ணுல ஏத்துவேன். வண்டி தளரும். அப்ப எறங்கிக் கட்டையக் குடு. அவசரமில்ல.”

அவசரமில்லையாம்!

அந்த இறக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. வண்டி எவ்வளவு வேகம் போயிருக்குமோ, எனக்கு அது மெதுவாகப் போனது. சாலையோரச் சுவரில் ஒரு குரங்கு தன் குட்டியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குட்டியின் காது இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன். மேலே இருந்து ஒரு வெங்காயச் சருகு பறந்து வந்து, கண்ணாடியில் ஒட்டி, பிறகு விலகிப் போனதைப் பார்த்தேன். என் உடம்புக்குள் இன்னொரு ஆள் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எனக்கு அதுவரை அறிமுகமில்லாதவன். கூச்சமே இல்லாதவன். வண்டி மண்ணில் ஏறித் தளர்ந்ததும் குதித்ததும், கூடவே ஓடிச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்ததும் அவன்தான். கட்டை பெட்டிக்குள் கிடந்திருந்தால் அதைத் தேடி எடுக்க நேரம் இருந்திருக்காது.

வழியில் வந்த ஒரு மெக்கானிக் கைவைத்துக் கொடுத்த பிறகு அடிவாரத்துக்கு வந்து டீ குடித்தோம். அப்போதுதான் மச்சானின் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. டீ சட்டையெல்லாம் கொட்டியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாரு மாப்ள, மலை மேல இல்லாத நடுக்கம், சமதரைக்கு வந்தப்புறம் வருது. நம்ம பின்னாலயே வேற வண்டியில வந்திருக்குது போல.”

எனக்கு அன்றைக்கு நடுக்கம் இல்லை. என் வண்டி இன்னும் தாமதமாக வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். எங்கேயாவது பிரேக் கிறீச்சிட்டால் எழுந்து வாசலுக்கு ஓடுவேன். ஆள் பாதியாகிவிட்டேன். மலையில் என்னைக் காப்பாற்றிய அந்தப் புது ஆள், வேலை முடிந்தும் போகாமல், எனக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு இல்லாத இறக்கங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் மெலிவைப் பார்த்துத்தான் அக்கா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அக்கா வீடு திருச்செங்கோடு சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளடங்கி இருக்கும். எத்தனை லாரி போனாலும், வளைவில் கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே மச்சானின் வண்டி எது என்று சொல்லிவிடுவாள். நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். எப்படி இவளுக்கு முன்கூட்டித் தெரிகிறது என்று மச்சான் பெருமையாகச் சொல்வார். அந்தக் காது எப்படித் தீட்டப்பட்டது என்று அவர் யோசித்ததில்லை.

அன்றைக்கு அவள் அழவில்லை. முற்றத்தில் கடலைச்செடி ஆய்ந்துகொண்டே சொன்னாள். “ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் ரோட்டுல. நான் ஒடம்ப ஊட்டுல வெச்சுக்கிட்டுக் காதை ரோட்டுல உட்டுட்டு உக்காந்திருக்கறேன். ராத்திரி முச்சூடும் தூக்கமில்ல. இனி என்னால ஆகாதுங்க.”

மச்சான் வழக்கம்போல் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் ஒவ்வொரு தோட்டமாகக் கோழிக்கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. மச்சானும் கிணற்று மேட்டில் ஒன்று கட்டினார். கட்டும்போதே அக்காவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். “ஒரு பேச்சு பாப்போம். கோழி நெலச்சா நானும் இங்க நெலைக்கறேன். இல்லீன்னா நான் வண்டிக்குப் போயிருவேன். அப்புறம் என்னையத் தடுக்கப் புடாது.” பேச்சு என்றால் ‘பேட்ச்’, அந்தத் தொழிலில் ஒரே நாளில் வந்து இறங்குகிற குஞ்சுக் கூட்டம். அந்த ஒரு கூட்டத்தின் மேல்தான் என் அக்காவின் தூக்கம் முழுவதும் இருந்தது.

கோழி பார்க்கிற வேலை எனக்கு. அதற்கு மச்சான் சொன்ன காரணம், “நீ பேசமாட்ட. அதுகளும் பயந்ததுக. நீயும் பயந்தவன். ஒத்துப்போகும்.”

கேலியாகச் சொன்னாலும் உண்மை அதுதான். கோழிக்கு எதிர்பாராதது ஆகாது. திடீரென்று உள்ளே போனால் ஒன்று எழும்பும், அதைப் பார்த்து நூறு எழும்பும், பிறகு மொத்தமும் ஒரு மூலையைப் பார்த்து ஓடும். ஆகவே கொட்டகைக்கென்று நான் ஒரு முறை வைத்திருந்தேன். வாசலில் நின்று முதலில் இரும வேண்டும். பிறகு தகர வாளியை விரலால் தட்ட வேண்டும். அப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும். உள்ளே வருகிறவன் தினமும் ஒரே துணியில்தான் வர வேண்டும். வெளுத்துப்போன ஒரு பச்சைக் கைலியும் காக்கிச் சட்டையும் கதவோரத்து ஆணியில் தொங்கும், நான் எப்போதும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன். குஞ்சிலிருந்து அதுகள் அறிந்த மனிதன் அந்தப் பச்சைக் கைலிதான். முகத்தைப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்.

மச்சானுக்கு இந்த முறை பிடிக்கவில்லை. “என்ற கொட்டாய்க்குள்ள நானே இருமிட்டுப் போறதா? மாமனார் ஊட்டுக்குள்ளகூட நான் இருமிட்டுப் போனதில்ல.”

“மாமனார் ஊட்டுல யாரும் செதறி ஓட மாட்டாங்க மச்சான்” என்றேன். எனக்கே ஆச்சரியம், அப்படிப் பதில் சொன்னேன் என்று. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

குஞ்சுகள் வளர்ந்தன. கொண்டை சிவந்தது. புரட்டாசி மாதத்தில் முதல் முட்டை வந்தது. எலுமிச்சை அளவுக்கு இருந்தது. அக்கா அதைச் சாமி மாடத்தில் வைத்தாள். அந்த வாரத்திலிருந்து, மச்சான் சொல்கிறார், அவள் படுத்தவுடன் தூங்கினாளாம். “குறட்டை வேற உடறா மாப்ள” என்றார், ஏதோ வரம் கிடைத்ததுபோல.

ஆயுத பூஜை வந்தது.

லாரிக்காரருக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் தெளித்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து, பூசணிக்காய் உடைத்து, கடைசியில் சரவெடி கொளுத்துவார்கள். மச்சானுக்கு அந்த வருஷம் வண்டி இல்லை. கொட்டகைதான் இருந்தது. ஆகவே கொட்டகையை வண்டியாக்கிவிட்டார். தூண்களுக்கு மாலை. கதவில் சந்தனமும் குங்குமமும். வாசற்படியின் இரண்டு பக்கமும் எலுமிச்சை. தீவனத் தராசுக்குப் பொட்டு. எனக்குப் புது வேட்டியும் சட்டையும் எடுத்துக் கொடுத்திருந்தார். எல்லோரும் கொட்டகை வாசலில் நின்று கற்பூரம் காட்டினோம். உள்ளே கோழிகள் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பூசணிக்காய் உடைத்து முடித்ததும் அவர் மடியிலிருந்து சரவெடியை எடுத்தார்.

“மச்சான், வெடி வேண்டாமுங்க. கோழி மெரளும்.”

“வண்டிக்குப் போட்டத இதுக்குப் போடாம உட்டாச் சாமி கோவிச்சுக்கும் மாப்ள. அதுவும் இத்தினியூண்டு சரம்.”

நான் இரண்டாவது தடவை சொல்ல வாயெடுப்பதற்குள் திரி பற்றிவிட்டது.

வெடித்து முடிந்ததும் ஒரு அமைதி. பருந்து வந்தபோது இருந்த அதே அமைதி. பிறகு மொத்தக் கொட்டகையும் ஒரே வெள்ளைத் துணிபோல் எழும்பியது. அலை என்று சொல்வார்களே, நான் கடலைப் பார்த்ததில்லை, ஆனால் அன்றைக்கு அலையைப் பார்த்தேன். கோழிகள் எல்லாம் கிழக்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறின. பஞ்சுமூட்டை அடுக்கினதுபோல் குவிந்தன. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, உள்ளுக்குள் அமுங்கிய ஒரு முனகல் மட்டும் வந்தது. அடியில் கிடப்பவை மூச்சு முட்டிச் சாகிற சத்தம் அது.

மச்சான் கையில் தீப்பெட்டியோடு நின்றார். அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “போங்க! உள்ள போங்க!” அவர் நகரவில்லை.

நான் கதவுக்கு ஓடினேன். கைப்பிடியைத் தொட்டதும் எனக்குள் அந்த ஆள் வந்துவிட்டான். தொப்பூரில் குரங்குக் குட்டியின் காதைப் பார்த்தவன். அவன் என் வேட்டியைப் பார்த்தான். புது வேட்டி. வெள்ளை. இதோடு உள்ளே ஓடினால் மீதிக் கோழிகளும் அந்த மூலைக்கே போகும்.

நான் நின்று, வேட்டி சட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஆணியிலிருந்த பச்சைக் கைலியை எடுத்துக் கட்டி, காக்கிச் சட்டையை மாட்டினேன்.

“அடப் பாவி, கோழி சாவுது, இவன் துணி மாத்திக்கிட்டிருக்கறானே!” என்று அக்கா கத்தியது கேட்டது. பொத்தான் போடும்போது என் விரல் நடுங்கவில்லை. அதைக் கவனித்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காத அதிசயம். நெஞ்சு காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது, முதுகெல்லாம் வேர்வை, விரல் மட்டும் பூக்கட்டுகிறவள் விரல்போல நிதானமாக இருந்தது.

இருமினேன். வாளியைத் தட்டினேன். கதவைத் திறந்தேன்.

ஓரமாக இருந்த சில கோழிகள் திரும்பிப் பார்த்தன. “ப்பா, ப்பா, ப்பா” என்று தீவனம் போடுகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டே சுவரோரமாக நடந்தேன். ஓட வேண்டும் என்று ஒவ்வொரு நரம்பும் சொன்னது. நடந்தேன். குவியலின் பக்கத்தில் போய் மண்டியிட்டு, கையை அடியில் விட்டுத் தூக்கித் தூக்கிப் பின்னால் விட்டேன். சூடு. அத்தனை உடம்பும் கொதித்தது. ஒவ்வொன்றின் நெஞ்சும் என் உள்ளங்கையில் அடித்தது, தனித்தனித் துடிப்பாக இல்லாமல் ஒரே இரைச்சலாக. என் நெஞ்சும் அதே வேகத்தில்தான் அடித்தது. எது அதனுடையது எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. அதே பயம்தான் அதுகளை மூலையில் அமுக்கிக் கொன்றது. அதே பயம்தான் என் கைக்கு வழி காட்டியது. இரண்டும் ஒன்று என்பதை அந்தச் சூட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு உணர்ந்தேன்.

பெரும்பாலானவை பிழைத்தன. அடியில் கிடந்தவை பிழைக்கவில்லை. அவற்றை வேப்பமரத்தடியில் கிடத்தினோம். மாலை போட்ட தூணுக்குக் கீழே மச்சான் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு நன்றாகத்தான் சாப்பிட்டேன். பொழுது சாய்ந்து கைலியை மாற்றப் போனபோது முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. இரண்டு கையும் அப்படி ஆடின. மச்சான் வந்து அவிழ்த்துவிட்டார்.

“வண்டி வந்து சேந்துருச்சா மாப்ள?” என்றார். சிரிக்கவில்லை.

கோழிக்கும் அந்த வண்டி பின்னால் வந்தது. மறுநாளிலிருந்து தோல்முட்டைகள். ஓடே இல்லாமல், மெல்லிய தோலோடு மட்டும் விழுந்திருக்கும். உள்ளங்கையில் வைத்தால் தண்ணீர்போல் சரியும், உள்ளே மஞ்சள் நிழலாகத் தெரியும். உயிரைக் காப்பதற்காக உடம்பு மற்ற வேலையையெல்லாம் பாதியில் போட்டுவிட்டு எழுந்திருக்கிறது, அதில் ஓடு கட்டுகிற வேலையும் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெடி எப்போதோ முடிந்துவிட்டது. அதுகளுக்கு முடியவில்லை. சருகு விழுந்தால் எழும்பின. தீவனம் அப்படியே கிடந்தது.

மச்சான் பழைய லாரி முதலாளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தீபாவளி கழித்து வடக்கே போகிற வண்டி. அக்காவிடம் சொன்னார். அவள் தடுக்கவில்லை. பேச்சு பேச்சுதான். ஆனால் அந்த இரவிலிருந்து குறட்டை நின்றுவிட்டது என்று மச்சானே என்னிடம் சொன்னார்.

அக்கா வீட்டுக்குள் இருக்க முடியாமல் கொட்டகைக்கு வரத் தொடங்கினாள். ஒரு காலையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். நல்ல ஓடு. ஆனால் நடுவில் சுற்றிவரச் சுருக்கம்போல் ஒரு வரப்பு, இடுப்புக்கயிறு கட்டினதுபோல.

“இது என்ன சாமி, இப்படி இருக்குது?”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த வரப்புக்குள் விரிசல் கோடுகள் தெரிந்தன, எல்லாம் மேலே பூசி மூடியிருந்தது. எனக்குப் புரிந்தபோது உடம்பு புல்லரித்தது. முட்டை உள்ளே இருக்கும்போதே கோழி பயந்து எம்பியிருக்கிறது. உள்ளேயே ஓடு உடைந்திருக்கிறது. பிறகு அந்தக் கோழி, ஒருவரும் சொல்லித்தராமல், கண்ணுக்குத் தெரியாத இருட்டுக்குள், அதை மறுபடி ஒட்டியிருக்கிறது.

“உள்ளேயே ஒடஞ்சு உள்ளேயே ஒட்டியிருக்குதுக்கா.”

அவள் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். “விக்க முடியுமா?”

“விக்க முடியாது. ஆனா உள்ள நல்லாத்தான் இருக்கும்.”

அன்றைக்கே அவள் முறத்தையும் கடலைமூட்டையையும் கொட்டகைக்குள் கொண்டுவந்துவிட்டாள். ஒரு பழைய புடவையை நான் ஆணியில் மாட்டச் சொன்னேன். தினமும் இருமி, வாளியைத் தட்டி, அதே புடவையோடு உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்து கடலை புடைப்பாள். முதல் நாள் முறத்தின் சத்தத்துக்குக் கோழிகள் ஒதுங்கின. அவள் மெதுவாக, மழை தூறுவதுபோல் புடைத்தாள். இரண்டு மூன்று நாளில் ஒன்றிரண்டு பக்கத்தில் வந்தன. அப்புறம் முறத்துக்குள்ளேயே அலகை விட்டன. சாலையில் லாரி போகும். அக்காவின் கை நிற்கும். பக்கத்தில் நிற்கும் கோழிகள் தலையைத் தூக்கும். அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினால் அதுகள் மறுபடி குனியும். யார் யாரைத் தேற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தீவனத் தட்டைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோயிலில் நிற்பதுபோல் இருக்கும்.

ஓடு கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. தோல்முட்டை குறைந்தது. ஆனால் மச்சான் லாரி முதலாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். கொட்டகைப் பக்கம் வரவே அவர் கூசினார். தாழ்வாரத்தில் அவருடைய பையும் கம்பளியும் எடுத்துவைத்தபடி இருந்தன.

வண்டி வந்த அன்று அக்கா வழியனுப்ப வீட்டில் நிற்கவில்லை. கொட்டகைக்குள் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் காலி முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பொறுக்கியதில் தோல்முட்டை ஒன்றுகூட இல்லை. காலையிலேயே அந்த முட்டைகளை அட்டையோடு தாழ்வாரத்தில், மச்சானின் பைக்குப் பக்கத்தில், அவள் வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த வரப்பு விழுந்த முட்டையையும் மேலே வைத்திருந்தாள்.

சாலையில் ஹாரன் அடித்தது. மச்சானைக் கூப்பிடுகிற ஹாரன். கொட்டகையிலிருந்து சாலை தெரியாது. அக்காவின் முறம் அந்தரத்தில் நின்றது. கோழிகள் தலையைத் தூக்கவில்லை, லாரிச் சத்தம் அதுகளுக்குப் பழகிவிட்டது. அவளுக்குத்தான் பழகவில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். பருந்தின் நிழலுக்கு அடியில் நின்ற கோழியை நான் மறுபடி பார்த்தேன்.

ஆண்கள் பேசுகிற சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை. வண்டிக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. எஞ்சின் உறுமியது. கியர் விழுந்தது. வளைவில் மறுபடி ஒரு கியர். சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது. நான் அக்காவைப் பார்க்கத் துணியவில்லை. முறத்திலிருந்து ஒரு கடலை உருண்டு தரையில் விழுந்தது. அதை ஒரு கோழி கொத்திக்கொண்டு போனது.

வாசலில் ஒரு இருமல் கேட்டது.

பிறகு தகர வாளியை விரலால் தட்டுகிற சத்தம். மெதுவாக, புதிதாகக் கற்றுக்கொண்டவன் தட்டுவதுபோல. பிறகு இன்னும் ஒரு இருமல், முதல் இருமல் போதாது என்று நினைத்தவர்போல.

கோழிகள் குனிந்து தின்றுகொண்டே இருந்தன. அக்கா கதவைப் பார்க்கவில்லை. அவள் கை மட்டும் தானாகக் கீழே இறங்கி, முறம் மறுபடி புடைக்கத் தொடங்கியது.